பிங் ஜி430 மட்டைகள்: வாங்கலாம், ஆனால் நம்பரை நம்பி வாங்க வேண்டாம்

பிங் நிறுவனத்தின் ஜி430 கோல்ஃப் மட்டை வரிசை 2023இல் சந்தைக்கு வந்தது. 2025இல் ஜி440 வந்துவிட்டதால் ஜி430 இப்போது செகண்ட் ஹாண்டில் நல்ல விலைக்கு அகப்படுகிறது. ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களின் பொதியோடு யாழ்ப்பாணம் வந்து சேர்கிற கோல்ஃப் மட்டைகளில் இதுவும் ஒன்று. வாங்கலாமா என்றால், வாங்கலாம். நடுவில் படாத அடியையும் பெரிதாகக் கெடுக்காத அயன் (உலோகத் தட்டைத் தலை மட்டை) இது. அயனின் நம்பர் கூடக் கூடத் தூரம் குறையும். ஆனால் கைக்கு வருகிற செட் அநேகமாக 5-அயனில் தொடங்கி பிட்ச்சிங் வெட்ஜோடு (9-அயனுக்கு அடுத்த குறுந்தூர மட்டை) முடிந்துவிடும். அந்த ஆறு மட்டைகளுக்கு மேலேயும் கீழேயும் எதைச் சேர்ப்பது என்பதில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள்.

முதலில் அயன்களின் லொஃப்ட், அதாவது மட்டையின் முகம் பின்னால் சாய்ந்திருக்கிற கோணம். பாகை குறைந்தால் பந்து தாழவும் தூரமாகவும் போகும். ஜி430இல் 7-அயன் 29 பாகை, பிட்ச்சிங் வெட்ஜ் 41 பாகை. டைட்லிஸ்ட் நிறுவனத்தின் டி100 போன்ற, தேர்ந்த ஆட்டக்காரருக்கான அயன்களில் 7-அயன் 34 பாகை, பிட்ச்சிங் வெட்ஜ் 46 பாகை. அதாவது ஜி430இன் பிட்ச்சிங் வெட்ஜ், டி100இன் 9-அயனை ஒட்டி வருகிறது. "எட்டாம் நம்பரால் நூற்றைம்பது யார் (கஜம்) அடிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அந்த எட்டில் எத்தனை பாகை என்று கேட்காமல் வியக்கத் தேவையில்லை. பந்து தாழப் போய்விடாமல் இருக்க பிங் எடையைக் கீழே இறக்கி, முகப்பை மெல்லிசாக்கி வைத்திருக்கிறது. அதனால் இந்தக் கூரான லொஃப்டிலும் 7, 8, 9 மூன்றும் நன்றாகவே எழும்பும். சிக்கல் இரண்டு நுனிகளிலும்தான்.

கீழ் நுனியைப் பார்ப்போம், பெரிய ஓட்டை அங்கேதான். ஊரில் பலரிடம் பழைய சாண்ட் வெட்ஜ் ஒன்று இருக்கும், 56 பாகை. புதுச் செட் வந்ததும் அதை அப்படியே பையில் விட்டுவிடுவார்கள். 41இலிருந்து 56க்கு இடைவெளி 15 பாகை. முழு வீச்சில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ இரண்டரை யார் என்று வைத்தால் 35 யாருக்கு மேல் வெற்றிடம். பிட்ச்சிங் வெட்ஜால் 115 யார் அடிப்பவருக்கு அடுத்த மட்டை 75 அல்லது 80 யார்தான் போகும். 95 யாரில் பந்து கிடந்தால் ஒன்றில் பிட்ச்சிங் வெட்ஜைப் பாதி வீச்சில் தட்ட வேண்டும், அல்லது சாண்ட் வெட்ஜை உயிரைக் கொடுத்து அடிக்க வேண்டும். முன்னது பறந்து கிரீனை (குழியைச் சுற்றிய ஒட்டவெட்டிய புல்தரை) தாண்டும், பின்னது மேலே ஏறிக் குறைந்து விழும். வாரம் ஒருமுறைகூடப் பயிற்சி செய்ய முடியாதவருக்கு முக்கால் வீச்சு கைவரவே வராது.

பிங் இதைத் தெரிந்தேதான் அதே அயன் வரிசையில் 45.5, 50, 54, 58 பாகைகளிலும் வெட்ஜ் விற்றது. இதில் 45.5 கட்டாயம். அது விருப்பத்துக்கு வாங்குகிற உதிரி அல்ல, செட்டின் அங்கம். அதை விட்டுவிட்டு 5-அயனைக் கொண்டுவருகிறவர் தேவையானதைப் போட்டுவிட்டுத் தேவையில்லாததைச் சுமக்கிறார். 50உம் இதே வரிசையில் இருந்தால் நல்லது, ஏனென்றால் இந்த இரண்டாலும் அடிப்பவை பெரும்பாலும் முழு வீச்சு அடிகள். அகன்ற அடிப்பாகமும் குழிந்த முதுகும் அதற்கு உதவும்.

54இலும் அதற்குக் கூடிய பாகைகளிலும் கதை வேறு. பங்கரிலும் (மணற்குழி) கிரீனைச் சுற்றியும் முகத்தைத் திறந்து அடிக்கும்போது ஜி430இன் தடித்த அடிப்பாகம் தரையில் மோதி எழும்புகிறது. அங்கே தனியாகச் செய்த வெட்ஜே நல்லது. டைட்லிஸ்ட் வோக்கி 46இலிருந்து 62 வரை இரண்டிரண்டு பாகையாக வருகிறது. பிங் நிறுவனமே செய்த கிளைட் 4.0உம் உண்டு. 45.5 கிடைக்கவில்லை என்றால் 46 பாகை வோக்கியோ கிளைடோ அதே வேலையைச் செய்யும். அதன் பிறகு 51, 56 என்று போனால் ஐந்து பாகை சீராக அமையும். 51 யாரும் விற்பதில்லையே என்றால், 52ஐ ஒரு பாகை வளைத்துக் கொள்ளலாம். வளைத்தால் பவுன்ஸும் (மட்டையின் அடிப்பாகம் தரையோடு வைக்கும் கோணம்) ஒரு பாகை குறையும் என்பதை மறக்கக்கூடாது. 8 இருந்தது 7 ஆகும். வலிகாமத்துச் செம்மண்போல வெயிலில் இறுகிய தரைக்கு அது நல்லதே. மணற்பாங்கான தரைக்கும் மழைக்காலப் புல்லுக்கும் 10இலிருந்து 14 வரை பவுன்ஸ் இல்லாவிட்டால் மட்டை மண்ணில் புதைந்துபோகும்.

இனி மேல் நுனி. கடையில் "5-அயனுக்குப் பதில் 5-ஹைபிரிட்" என்று விற்பார்கள். ஹைபிரிட் என்பது அயனுக்கும், பருத்த தலையுள்ள வுட் மட்டைக்கும் இடைப்பட்ட மட்டை. ஜி430இல் இது தப்புக் கணக்கு. இதன் 5-ஹைபிரிட் 26 பாகை, இதே வரிசையின் 6-அயனோ 25.5. நம்பரைப் பார்த்து 5-அயனை எடுத்துவிட்டு 5-ஹைபிரிட் வைத்தால், 6-அயனின் இன்னொரு பிரதியைத்தான் வைக்கிறீர்கள். ஹைபிரிட்டின் தண்டு நீளம் என்பதால் சில யார் கூடப் போகும், உயரமாகவும் போகும். ஆனால் ஒரு முழு இடைவெளியை நிரப்பாது. 5-அயன் 22 பாகை. அதற்கு ஈடு 4-ஹைபிரிட், அதுவும் 22. 7-வுட் 21.

இந்த மூன்றும் ஒரு பாகைக்குள் நிற்கின்றன. தூரமும் அருகருகே வரும் என்று நினைத்து ஏதோ ஒன்றை எடுக்கிறார்கள். வித்தியாசம் தூரத்தில் இருப்பதைவிட உயரத்திலும் விழுகிற சரிவிலும்தான் அதிகம். 7-வுட்டின் தண்டு 42 அங்குலம், 4-ஹைபிரிட்டினுடையது அதைவிட இரண்டு அங்குலத்துக்கு மேல் குட்டை. நீளத் தண்டு தலையின் வேகத்தைக் கூட்டும். வுட்டின் எடை முகத்திலிருந்து பின்தள்ளி இருப்பதால் பந்து எழும்பிப் போகும். விழும்போது செங்குத்தாக விழுந்து சீக்கிரம் நிற்கும். மெதுவாக வீசுகிறவரிடம் 22 பாகை அயன் தாழப் பறந்து, கிரீனில் பட்டு, பின்பக்கத்தால் ஓடிவிடும். அளந்தால் மொத்தத் தூரம் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்கோர் அட்டையில் ஒன்றாக இருக்காது.

ரேடார் கருவி செய்யும் ட்ராக்மேன் நிறுவனம் முன்பு வெளியிட்ட எல்பிஜிஏ (பெண் தொழில்முறை வீராங்கனைகள்) சராசரிகளை இங்கே அளவுகோலாக எடுப்பது நம்மவருக்கு நல்லது. ஆண் தொழில்முறை வீரர்களின் 7-அயன் 172 யார் என்கிற கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில் பயன் இல்லை. எல்பிஜிஏ சராசரியில் பந்து பறந்து விழும் தூரம் டிரைவருக்கு 218 யார், 3-வுட்டுக்கு 195, 5-வுட்டுக்கு 185, 7-வுட்டுக்கு 174, 5-அயனுக்கு 161, 7-அயனுக்கு 141, 9-அயனுக்கு 119, பிட்ச்சிங் வெட்ஜுக்கு 107. டிரைவருக்கும் அடுத்ததற்கும் இடையில் 23 யார் இடைவெளி இருக்கிறது, அதை யாரும் நிரப்பப் பாடுபடவில்லை. டிரைவர் டீ என்கிற சிறு முளையில் பந்தை வைத்து அடிக்கிற மட்டை. அங்கே 205 யார் துல்லியமாக வேண்டும் என்கிற தேவை வருவதே குறைவு. மற்ற இடங்களில் ஒரு மட்டைக்கு 10 முதல் 13 யார் என்று இறங்குகிறது. கிரீனைக் குறிவைக்கிற மட்டைகளில்தான் இடைவெளியை இறுக்க வேண்டும், 130 யாருக்கு உள்ளே இன்னும் இறுக்க வேண்டும்.

3-வுட் பற்றி ஒரு வார்த்தை. ஜி430இல் அது 15 பாகை. டிரைவரை மணிக்கு 90 மைலுக்குக் குறைவாக வீசுகிறவர் 15 பாகையைப் புல்லிலிருந்து எழுப்பச் சிரமப்படுவார். பல நாள் அது 5-வுட்டைவிடக் குறையவே போகும். 18 பாகை 5-வுட்டே போதும். இந்த வரிசையின் வுட்களில் கழுத்துச் சில்லைக் கழற்றித் திருப்பி ஒன்றரைப் பாகை வரை கூட்டிக் குறைக்கலாம். 18ஐ 19.5 ஆக்கினால் முகம் சற்று மூடிக்கொள்ளும், வலக்கைக்காரரின் பந்து இடப்பக்கம் இழுக்கும். 16.5 ஆக்கினால் திறந்துகொண்டு வலப்பக்கம் போகும். லொஃப்டை மாற்றினால் திசையும் மாறும் என்று தெரியாமல் திருப்பிவிட்டு, வீச்சில் பிழை தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதற்கான சாவி செகண்ட் ஹாண்டில் பெரும்பாலும் கூட வராது. கேட்டு வாங்குங்கள்.

காற்று. வட மாகாணத்தில் விளையாடுகிறவருக்கு இது பின்குறிப்பாக ஒதுக்க முடியாத விஷயம். மே தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும். அதே மாதங்களில் திருகோணமலைச் சீனக்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் திடலில் ஆடப் போனால் கச்சான் காற்று வரவேற்கும். மணிக்கு 10 மைல் எதிர்காற்றுக்குத் தூரத்தில் சுமார் பத்து வீதம் குறையும், அதே பின்காற்று ஐந்து வீதம்தான் தரும் என்பது கோல்ஃபில் பழகிய கணக்கு. 150 யாருக்கு எதிர்காற்றில் 165க்கான மட்டையை எடுக்க வேண்டும். உயரமாகப் போகிற 7-வுட்தான் இதில் அதிகம் அடிவாங்கும், சுழற்சியும் கூட என்பதால் காற்றில் பலூனாகி நின்று விழும். சோளகக் காலத்தில் 7-வுட்டை வீட்டில் விட்டுவிட்டு 4-ஹைபிரிட்டைப் பையில் போடுவதே புத்தி. வாடை தொடங்கி, மழை பெய்து, கிரீன்கள் இளகியதும் 7-வுட்டைத் திரும்ப எடுக்கலாம். இரண்டையும் சொந்தமாக வைத்திருந்து ஒன்றை மட்டும் சுமப்பது ஆடம்பரமில்லை. தேவையில்லாத 3-வுட்டை வாங்காமல் விட்டால் அந்தக் காசுக்கு இது வரும்.

நுவரெலியாவுக்குப் போகிறவர்களுக்கு வேறொரு கணக்கு. அங்கே உயரம் 1,868 மீற்றர், காற்று மெலிது. டைட்லிஸ்டின் சூத்திரப்படி உயரத்தை அடியில் எடுத்து 0.00116ஆல் பெருக்கினால் கூடும் வீதம் கிடைக்கும். 6,100 அடிக்குச் சுமார் 7 வீதம். கரையோரத்தில் 150 யார் போவது அங்கே 160. மட்டைகளுக்கு இடையிலான இடைவெளி 12 யார் என்றால் 13 ஆகும், அவ்வளவுதான். ஆகவே பையை மாற்றத் தேவையில்லை, கணக்கை ஒரு மட்டை தள்ளிப் போட்டால் போதும்.

இதையெல்லாம் முடிவு செய்ய உங்கள் சொந்தத் தூரங்கள் தெரிந்திருக்க வேண்டும். உள்ளரங்கச் சிமுலேட்டர் தந்த எண்களைச் சிலர் கடதாசியில் எழுதிக் கொண்டுவருவார்கள். அந்த இயந்திரத்தில் உயரம், வெப்பநிலை என்ன என்று அமைத்திருந்தார்கள் என்று பார்க்காமல் அதை நம்பக்கூடாது. ரொறொன்ரோவின் ஏப்ரல் குளிருக்கும் யாழ்ப்பாணத்தின் 32 பாகை வெயிலுக்கும் இடையில் ஒரு நடு அயன் அடியே சில யார் மாறும். யார், மீற்றர் குழப்பம் இன்னும் மோசம். 140 மீற்றர் என்பது 153 யார், ஒரு முழு மட்டை வித்தியாசம்.

கார்மின் அப்ரோச் ஆர்10 போன்ற சிறிய ரேடார் கருவி கிடைத்தால் பந்துக்கு ஆறு முதல் எட்டு அடி பின்னால், குறிக்கு நேராக வையுங்கள். கருவி சாய்ந்திருந்தால் பறக்கும் கோணம் பிழையாக வரும். அந்தப் பிழை தூரத்திலும் ஏறும். சுழற்சியை அது பெரும்பாலும் கணித்துச் சொல்கிறது, அளந்து அல்ல. ஆகவே வெட்ஜ் எண்களை ஒரு சிட்டிகை சந்தேகத்தோடு எடுங்கள். 5-அயனுக்கும் 6-அயனுக்கும் எத்தனை யார் வித்தியாசம் என்று பார்க்க அது தாராளமாகப் போதும்.

கருவி இல்லாவிட்டால் அறுவடை முடிந்த தோட்டமோ வெறுமையான திடலோ போதும். முன்னால் ஆள் நடமாட்டம் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், கோல்ஃப் பந்து மண்டையில் பட்டால் விளையாட்டல்ல. காற்று எழும்பமுன், காலை ஆறரைக்குள் தொடங்குங்கள். நூறு மீற்றர் நாடாவால் அளந்து, 80 மீற்றரிலிருந்து பத்துப் பத்து மீற்றராகக் கதியால் தடியில் துணி கட்டி ஊன்றுங்கள். ஒரு மட்டைக்குப் பத்துப் பந்து, எல்லாம் ஒரே வகைப் பந்து. பக்கத்தில் பாதுகாப்பாக நிற்கிற ஒருவர் பந்து முதலில் தரையில் பட்ட இடத்தைக் குறிக்க வேண்டும், உருண்டு நின்ற இடத்தை அல்ல. இறுகிய செம்மண்ணில் 5-அயன் பந்து விழுந்த பிறகு முப்பது யார் ஓடும். அதைக் கூட்டி எழுதினால் எல்லா இடைவெளியும் பொய். மிக நன்றாகப் பட்ட இரண்டையும் மிக மோசமான இரண்டையும் விட்டுவிட்டு மிச்சம் ஆறின் சராசரியை யாருக்கு மாற்றி எழுதுங்கள். எல்லோரும் தங்கள் மிகச் சிறந்த அடியைத்தான் தங்கள் தூரம் என்று சொல்லுவார்கள், அதனால்தான் கிரீனுக்கு முன்னால் உள்ள பங்கர்கள் எப்போதும் நிரம்பியிருக்கின்றன.

அந்தப் பட்டியலில் 5-அயனுக்கும் 6-அயனுக்கும் வித்தியாசம் ஏழு யாருக்குக் குறைந்தால் 5-அயனை எடுத்துவிடுங்கள். 7-அயன் 130 யாருக்குக் குறைவாகப் போகிறவர்களுக்கு 6-அயனும் இதே கதியாகலாம். அப்போது 26 பாகை 5-ஹைபிரிட் 6-அயனுக்குப் பதிலாக நல்ல மட்டை.

7-அயன் 140 யார் போகிற ஒருவருக்கு எங்கள் பை இப்படி இருக்கும்: 10.5 பாகை டிரைவர், 18 பாகை 5-வுட், காலத்துக்கேற்ப 7-வுட் அல்லது 4-ஹைபிரிட், 6இலிருந்து 9 வரை அயன், 41, 45.5, 50, பின் 54 அல்லது 55க்கு வளைத்த 56, பட்டர் (குழிக்குள் உருட்டுகிற மட்டை). பன்னிரண்டு மட்டை. விதி 14 வரை அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. பதின்மூன்றாவதாக 58 அல்லது 60 வேண்டும் என்றால், பங்கரில் நம்பிக்கை உள்ளவர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். சோளகம் கூடுமோ குறையுமோ என்று 7-வுட்டையும் ஹைபிரிட்டையும் சேர்த்துத் திணிக்கிறவர்கள் தொடங்கமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பதினைந்தோடு ஆடினால் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) ஒவ்வொரு குழிக்கும் இரண்டு அடி தண்டம், ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் நான்கு.

தண்டின் எடையையும் பாருங்கள். ஜி430 அயன் வழக்கமாக ஏடபிள்யூடி 2.0 உருக்குத் தண்டோடோ, ஆல்டா சிபி பிளாக் கிராஃபைட் தண்டோடோ வரும். அயன் உருக்கு ஸ்டிஃப் (விறைப்பான தண்டு), 7-வுட் மெல்லிய கிராஃபைட் ரெகுலர் (கூட வளைகிற தண்டு) என்று இரண்டு இடத்தில் வாங்கிச் சேர்த்தால் லொஃப்ட் சரியாக இருந்தும் தூரம் ஒழுங்காக வராது, ஒன்றை வீசிய கைக்கு மற்றது வேறு நேரத்தில் இறங்கும். பிங் இந்த அயன்களைப் பவர் ஸ்பெக், ரெட்ரோ ஸ்பெக் என்று கூர்மையாகவும் தளர்வாகவும் லொஃப்ட் மாற்றி விற்றதும் உண்டு. ஆகவே விற்பவர் 41 என்று சொன்னாலும், வசதி உள்ள இடத்தில் லொஃப்ட் மானியில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. அயனில் உள்ள வண்ணப் புள்ளி லொஃப்ட் அல்ல, தண்டு தரைக்குச் சாய்ந்து நிற்கும் கோணம். கறுப்புதான் வழமையானது.

கடைசியாக, தலையும் தண்டும் சேருகிற இடத்தில் உள்ள சிறிய கறுப்பு வளையத்தைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். வளையத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தால் வளையம் மேலேறியிருக்கிறது. காரின் டிக்கியில் மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த மட்டைகளில் ஒட்டுப்பசை இளகி இப்படி ஆகும். அடிக்கும்போது தலை கழன்று பறக்கலாம். கழுத்தில் தொடர் இலக்கம் பொறித்திருக்க வேண்டும், எல்லா அயனிலும் ஒரே இலக்கமாக. வெட்ஜின் கோடுகளில் நகத்தை இழுத்துப் பாருங்கள், மாட்டாமல் வழுக்கினால் அது தேய்ந்த வெட்ஜ். 45.5 இல்லாமல் செட் வந்தால் அதன் விலையைக் கழித்துக் கேளுங்கள். 5-அயன் இருக்கிறது என்பதற்காகக் கூட்டிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.